செல்போனுக்குள் சுழன்ற ஹார்ட் டிஸ்க்

செல்போனில் ஒரு காலத்தில் ஹார்ட் டிஸ்க் இருந்தது என்று சொன்னால் இப்போது பாதிப் பேர் நம்புவதில்லை, மெமரி சிப்பைத்தான் பழைய பழக்கத்தில் அப்படிச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொள்கிறார்கள். இல்லை, நிஜமான ஹார்ட் டிஸ்க்தான். மோட்டார், அது சுற்றும் தட்டு, தட்டின் மேல் போய்வந்து தகவலைப் படித்து எழுதும் ஹெட், எல்லாம் உண்டு. 2004 செப்டம்பரில் சாம்சங் தென்கொரியாவில் எஸ்பிஎச்-வி5400 என்ற போனை 1.5 ஜிபி ஹார்ட் டிஸ்க்கோடு கொண்டுவந்தது. அடுத்த வருடம் 3 ஜிபியோடு எஸ்ஜிஎச்-ஐ300. நோக்கியா 2005 ஏப்ரலில் அறிவித்து 2006இல் விற்பனைக்கு வந்த என்91இல் 4 ஜிபி. ஜப்பானில் கேடிடிஐயின் ஏயூ செல்போன் சேவைக்காக டோஷிபா செய்த டபிள்யூ41டி, அதுவும் 2006, அதுவும் 4 ஜிபி. சாம்சங்கின் ஐ310இல் 8 ஜிபி. சாதாரண போன்களில் படம், பாட்டு வைக்க சில எம்பி இடம் இருந்தாலே பெரிது என்றிருந்த காலம் அது.

ஆக, முடியுமா என்ற கேள்விக்கு விடை எப்போதோ வந்துவிட்டது. முடியும், செய்தார்கள், விற்றார்கள், வாங்கியவர்கள் பாட்டும் கேட்டார்கள். இரண்டு மூன்று வருடத்தில் அந்த வகையே ஏன் சுவடில்லாமல் போனது என்பதுதான் எனக்குச் சுவாரசியமான கேள்வி. கேட்டால் எல்லோரும் சொல்வது ஒரே பதில்: கீழே விழுந்தால் கெட்டுப்போகும், பேட்டரியைத் தின்னும். இந்தப் பதில் எனக்கு எப்போதுமே அரைகுறையாகப் பட்டிருக்கிறது. இரண்டும் நிஜமான சிக்கல்கள்தான், ஆனால் அவற்றைச் சரிசெய்ய எவ்வளவு மூளை செலவாகி, எவ்வளவு தூரம் சரியாகியும் இருந்தது என்று பார்த்தால், செத்ததற்குக் காரணம் வேறு எங்கோ இருக்கிறது என்று புரியும்.

முதலில் சிறிதாக்கும் கதை. 1992இலேயே ஹியூலெட்-பேக்கர்ட் கிட்டிஹாக் என்று 1.3 அங்குல டிஸ்க் ஒன்றைச் செய்தது, கொள்ளளவு 20 எம்பி. கீழே விழுவதை உணரும் சென்சார்கூட அதில் இருந்தது. அதைத் தேடி வாங்க வேண்டிய கையடக்கக் கருவிகள் அன்று எதிர்பார்த்த அளவுக்கு விற்கவில்லை, 1994இல் நிறுத்திவிட்டார்கள். அப்புறம் ஐபிஎம். 1998இல் மைக்ரோடிரைவை அறிவித்து 1999இல் விற்க ஆரம்பித்தது: 1 அங்குலத் தட்டு, 170 எம்பி, 340 எம்பி என்று இரண்டு அளவு, எடை ஏறக்குறைய 16 கிராம். மொத்தத்தையும் 5 மிமீ தடிமனுள்ள காம்பாக்ட்ஃபிளாஷ் கார்டுக்குள் அடக்கியிருந்தார்கள், அதனால் டிஜிட்டல் கேமராக்களில் அப்படியே செருகலாம். அடுத்த வருடமே 1 ஜிபி. பிறகு ஐபிஎம்மின் டிஸ்க் தொழில் ஹிட்டாச்சியிடம் போனது, மைக்ரோடிரைவும் கூடவே போய் 4 ஜிபி, 6 ஜிபி, 8 ஜிபி என்று வளர்ந்தது. 2004 ஜனவரியில் டோஷிபா இன்னும் கீழே இறங்கியது. 0.85 அங்குலம், 32க்கு 24 மிமீ, எடை 10 கிராமுக்கும் கீழே. உலகத்தின் மிகச் சிறிய ஹார்ட் டிஸ்க் என்று கின்னஸ் சாதனையில் ஏறியது.

என்னிடம் ஒரு பழைய மைக்ரோடிரைவ் இன்னும் இருக்கிறது, அவ்வப்போது செருகிப் பார்ப்பேன், வேலை செய்கிறது. காதருகே வைத்தால் மெல்லிய ஒரு ரீங்காரம், பிறகு டிக். ஏதோ பூச்சியை அடைத்து வைத்த தீப்பெட்டி போல இருக்கும். இந்த ஒரு காரணத்துக்காகவே இந்த விஷயத்தில் நான் கொஞ்சம் பட்சபாதமானவன், படிப்பவர்கள் அதைக் கணக்கில் வைத்துக்கொள்ளவும்.

சரி, கீழே விழும் விஷயம். 1 மீட்டர் உயரத்திலிருந்து நழுவும் போன் தரையைத் தொட 0.45 விநாடி ஆகும், தொடும்போது வேகம் விநாடிக்கு 4.4 மீட்டர். கெட்டியான தரையில் அந்த வேகம் 1 மிமீ தூரத்துக்குள் முழுக்க நின்றுபோகிறது என்று வைத்துக்கொண்டால், உள்ளே இருப்பது எதுவானாலும் புவியீர்ப்பைப்போல் 1000 மடங்கு உலுக்கலைத் தாங்கியாக வேண்டும். ஹார்ட் டிஸ்க்கில் ஹெட் தட்டைத் தொடுவதில்லை, சுழலும் தட்டோடு இழுபடும் காற்றின் மேல் மிதக்கிறது, அந்த இடைவெளி அந்தத் தலைமுறை டிஸ்க்குகளிலேயே பத்து இருபது நானோமீட்டர்தான். அந்த நிலையில் 1000 மடங்கு உலுக்கல் வந்தால் ஹெட் தட்டில் அறைந்து காந்தப் பூச்சைச் சுரண்டிவிடும், அங்கே எழுதியிருந்தது போச்சு.

இதற்கு இரண்டு வைத்தியம். வேலை இல்லாதபோது ஹெட்டைத் தட்டின் மேலேயே விடாமல், தட்டுக்கு வெளியே ஒரு சரிவான பிளாஸ்டிக் மேடையில் ஏற்றி நிறுத்திவிடுவது ஒன்று. அங்கே இருக்கும்வரை ஹெட்டும் தட்டும் மோத வழியே இல்லை. இன்னொன்று முடுக்கத்தை அளக்கும் சென்சார். விழும் பொருளுக்குள் எடையே தெரியாது, சென்சாரின் மூன்று அச்சுகளும் ஒரே நேரத்தில் பூஜ்யத்துக்கு அருகே வந்தால் போன் அந்தரத்தில் இருக்கிறது என்று அர்த்தம், உடனே ஹெட்டை மேடைக்கு இழு. மேலே சொன்ன 0.45 விநாடி அதற்குப் போதும். இதோடு சின்ன அளவே ஒரு பாதுகாப்பு என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. ஹெட்டைத் தாங்கும் கை குட்டையாகவும் இலேசாகவும் இருந்தால் அதே உலுக்கலில் அது வளைவது குறைவு, சிறிய தட்டு அதிர்வதும் குறைவு. அதனால் லேப்டாப் டிஸ்க் செத்துப்போகும் அடியை 1 அங்குல டிஸ்க் தாங்கும். சிறிதாக்கச் சிறிதாக்க மென்மையாகிவிடும் என்று நம் மனம் நினைக்கிறது, நடப்பது நேர் எதிர்.

பேட்டரி விஷயம் இன்னும் சுவையானது. அந்தக் கால போன் பேட்டரி 3.7 வோல்ட்டில் 900 மில்லியாம்ப்-மணி என்று வைத்தால் மொத்தம் 3.3 வாட்-மணி. சுழன்றுகொண்டே படித்துக்கொண்டிருக்கும் 1 அங்குல டிஸ்க் ஏறக்குறைய 1 வாட் எடுக்கும். வேறு எதுவும் செய்யாமல் டிஸ்க்கை மட்டும் ஓட்டினாலே மூன்று மணி நேரத்தில் போன் காலி. கேட்டவுடன் இது நடக்காத காரியம் என்றுதான் தோன்றும். ஆனால் பாட்டுக்கு டிஸ்க் தொடர்ந்து சுற்றத் தேவையே இல்லை. 128 கேபிபிஎஸ் எம்பி3 என்பது விநாடிக்கு 16 கேபி மட்டுமே. 2001இல் வந்த முதல் ஐபாடில் 32 எம்பி ரேம் வைத்திருந்தார்கள், டிஸ்க்கைக் கொஞ்ச நேரம் எழுப்பி அந்த ரேமை நிரப்பிவிட்டுத் தூங்கவிடுவார்கள். கணக்குப் போட்டால் 32 எம்பி என்பது அரை மணி நேரப் பாட்டு. விநாடிக்கு 5 எம்பி படிக்கும் டிஸ்க்குக்கு அதை நிரப்ப ஏழு விநாடி போதும், எழுந்து வேகம் பிடிக்கும் நேரத்தையும் சேர்த்துப் பத்து என்று வைப்போம். அரை மணிக்குப் பத்து விநாடி! சராசரி எடுத்தால் சில மில்லிவாட்தான் வரும். இதே தந்திரம் விழும் சிக்கலையும் பெருமளவு தின்றுவிடுகிறது, ஏனென்றால் பாட்டு ஓடும் நேரத்தில் பெரும்பகுதி டிஸ்க் நின்றுபோய் ஹெட் மேடையில் உட்கார்ந்திருக்கும், அப்போது போன் விழுந்தால் விழட்டும்.

இதில் ஒரு ஓட்டை இருக்கிறது, அதைத்தான் அன்று வந்த விமர்சனங்கள் சரியாகப் பிடிக்கவில்லை. ஒரே கோப்பை வரிசையாகப் படிக்கும் பாட்டு பிளேயருக்குப் பொருந்தும் தந்திரம் அது, போனுக்குப் பாதிதான் பொருந்தும். போனில் ஒருவர் படங்களின் பட்டியலைப் புரட்டுவார், நடுவில் மெசேஜ் வரும், இணைப்பைத் திறப்பார், திரும்பப் பட்டியலுக்கு வருவார். ஒவ்வொன்றும் டிஸ்க்கின் வேறு வேறு மூலையில். நிமிடத்துக்கு 3600 சுற்று என்றால் ஒரு சுற்றுக்கு 16.7 மில்லிவிநாடி, சராசரியாகப் பாதிச் சுற்று காத்திருக்க வேண்டும், ஹெட் நகர இன்னொரு 12 போல. ஆக ஒரு சின்னத் துண்டை எடுக்க 20 மில்லிவிநாடி, விநாடிக்கு ஐம்பது துண்டு. அதுவும் தட்டு ஏற்கெனவே சுழன்றுகொண்டிருந்தால்தான். தூங்கிக்கொண்டிருந்தால் எழுப்பவே ஓரிரு விநாடி போய்விடும், பட்டனை அழுத்திய விரல் காத்திருக்கும். அதனால்தான் என்91இல் இயங்குதளமும் தொலைபேசி எண்களும் ஃபிளாஷ் மெமரியில் (அசையும் பாகமே இல்லாத மெமரி சிப்), டிஸ்க் வெறும் கிடங்காக. ஹார்ட் டிஸ்க் வைத்த போனுக்கும் ஃபிளாஷ் தேவைப்பட்டது என்பதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

மற்ற சில்லறைச் சிக்கல்கள்: தட்டில் தகவல் எழுதும் வட்டக் கோடுகளை, அதாவது தடங்களை, அங்குலத்துக்கு 1 லட்சம் என்று எழுதினால் ஒரு தடத்தின் அகலம் 250 நானோமீட்டர், அந்தத் தடத்தை விட்டு விலகாமல் ஹெட் ஓடும்போது ஓரிரு சென்டிமீட்டர் தள்ளி போனின் வைப்ரேட்டர் அதிர்ந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். காற்றில் மிதக்கும் ஹெட் என்பதால் காற்று மெலிந்த உயரங்களில் தகராறு. ஸ்பீக்கரின் காந்தம். இவையெல்லாம் வடிவமைப்பில் சரிசெய்யக்கூடியவை, சரிசெய்யவும் செய்தார்கள். தடிமன்தான் தீராதது. என்91 22 மிமீ தடிமன், 164 கிராம் எடை. இரண்டையும் டிஸ்க்கின் தலையில் மட்டும் கட்ட முடியாது, உடம்பு முழுக்க ஸ்டீல் வேறு. ஆனாலும் 5 மிமீ டிஸ்க்கும் அதைச் சுற்றி ரப்பர் மெத்தையும் வைத்தால் மெல்லிய போன் என்ற பேச்சுக்கே இடமில்லை.

இப்போது என் கட்சிக்கு வருகிறேன். குட்டி டிஸ்க்கைக் கொன்றது அதன் அடிவிலை.

ஹார்ட் டிஸ்க் என்றால் ஒரு மோட்டார், ஒரு தட்டு, ஒன்றோ இரண்டோ ஹெட், கையை நகர்த்தும் சுருளும் காந்தமும், கட்டுப்பாட்டுச் சிப், தூசியில்லாத அறையில் பொருத்தி மூடிய உறை. 1 ஜிபி செய்தாலும் இவ்வளவும் வேண்டும், 8 ஜிபி செய்தாலும் இவ்வளவேதான். தட்டில் அடர்த்தியாக எழுதக் கற்றுக்கொண்டால் அதே விலைக்கு அதிக இடம் கிடைக்கும், ஆனால் பாதி இடம் போதும், பாதி விலைக்குக் கொடு என்று கேட்டால் கொடுக்க வழியில்லை. ஒரு குறிப்பிட்ட தொகைக்குக் கீழே ஹார்ட் டிஸ்க் என்ற பொருளே கிடையாது. ஃபிளாஷ் அப்படியில்லை, பாதி இடம் என்றால் சிலிக்கான் ஏறக்குறைய பாதி, விலையும் ஏறக்குறைய பாதி. வாங்குபவர் எவ்வளவு கேட்கிறாரோ அவ்வளவு வெட்டிக் கொடுக்கலாம்.

எந்த வருடத்தை எடுத்தாலும் ஒரு எல்லை இருக்கும்: அதற்குக் கீழே ஃபிளாஷ் மலிவு, அதற்கு மேலே டிஸ்க் மலிவு. 2004இல் அந்த எல்லை 1 ஜிபியை ஒட்டி எங்கோ இருந்தது. 4 ஜிபி வேண்டும் என்றால் டிஸ்க்தான், கண்ணை மூடிக்கொண்டு டிஸ்க். 2004 ஜனவரியில் வந்த ஐபாட் மினி 4 ஜிபி மைக்ரோடிரைவை வைத்துத்தான் ஓடியது. அந்த வருடம் ஒரு வேடிக்கையும் நடந்தது. கிரியேட்டிவ் நிறுவனத்தின் மூவோ ஸ்கொயர் என்ற பாட்டு பிளேயரில் இதே 4 ஜிபி மைக்ரோடிரைவ் இருந்தது, தனியாக மைக்ரோடிரைவ் வாங்குவதைவிட முழு பிளேயரின் விலை குறைவு. கேமராக்காரர்கள் பிளேயரை வாங்கி, பிரித்து, டிஸ்க்கை உருவிக் கேமராவில் போட்டுக்கொண்டார்கள். 4 ஜிபிக்கு அன்று அவ்வளவு பசி இருந்தது. ஆகவே அந்த வருடம் போனுக்குள் டிஸ்க் வைக்கலாம் என்று முடிவெடுத்தவர்களை முட்டாள்கள் என்று நான் சொல்ல மாட்டேன், கையில் இருந்த எண்களை வைத்து யார் முடிவெடுத்திருந்தாலும் அதைத்தான் எடுத்திருப்பார்கள்.

ஆனால் அந்த எல்லை ஒரே இடத்தில் நிற்கவில்லை. சாம்சங்கின் மெமரிப் பிரிவுத் தலைவர் ஹ்வாங் சாங்-கியூ, மெமரியின் அடர்த்தி வருடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும் என்று 2002இல் சொன்னார். அதைச் சில வருடங்கள் அவர்கள் நடத்தியும் காட்டினார்கள். வருடம் இரண்டு மடங்கு என்றால் 1 ஜிபியில் இருந்த எல்லை இரண்டு வருடத்தில் 4 ஜிபியைத் தொட்டுவிடும். போனை வடிவமைத்துச் சோதித்து விற்பனைக்குக் கொண்டுவர ஒன்றரை வருடம் போய்விடுகிறது. என்91 அறிவித்ததற்கும் அது கடைக்கு வந்ததற்கும் நடுவில் தரை நழுவிக்கொண்டிருந்தது.

அந்த நடுவில்தான், 2005 செப்டம்பரில், ஆப்பிள் ஐபாட் மினியை நிறுத்திவிட்டு நானோவைக் கொண்டுவந்தது. நன்றாக விற்றுக்கொண்டிருந்த பொருளை நிறுத்திவிட்டு! இதில் எனக்குப் பிடித்த விவரம் விலைப் பட்டியல். அன்று 249 டாலருக்கு மினி 6 ஜிபி கொடுத்தது, அதே 249 டாலருக்கு நானோ கொடுத்தது 4 ஜிபி. 199 டாலருக்கு மினி 4 ஜிபி, நானோ 2 ஜிபி. அதாவது ஃபிளாஷ் இன்னும் ஜெயித்திருக்கவில்லை, இடத்தை வைத்துப் பார்த்தால் டிஸ்க்தான் மலிவு. ஆனால் மினி 103 கிராம், நானோ 42 கிராம், தடிமன் 7 மிமீகூட இல்லை. குறைந்த இடத்துக்கு அதே பணத்தைக் கொடுக்க மக்கள் வரிசையில் நின்றார்கள். டிஸ்க் கம்பெனிகள் ஒரு ஜிபிக்கு எத்தனை டாலர் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது, வாங்குகிறவர்கள் எனக்கு ஆயிரம் பாட்டு போதும், பாக்கெட் கனக்கக் கூடாது என்று முடிவுகட்டிவிட்டார்கள். போதும் என்ற அளவு ஒன்று மனதில் வந்துவிட்டால் அதற்கு மேல் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் உதவாது. அதே வருடம் நவம்பரில் ஆப்பிள் ஹைனிக்ஸ், இன்டெல், மைக்ரான், சாம்சங், டோஷிபா ஆகிய ஐந்து நிறுவனங்களோடு 2010 வரை ஃபிளாஷ் வாங்க ஒப்பந்தம் போட்டு, 125 கோடி டாலரை முன்பணமாகக் கொடுத்தது.

அந்தப் பட்டியலை இன்னொரு முறை பாருங்கள். சாம்சங், டோஷிபா. ஹார்ட் டிஸ்க் வைத்த முதல் போனைச் செய்தது சாம்சங், உலகத்தின் மிகச் சிறிய டிஸ்க்கைச் செய்தது டோஷிபா. நான்ட் என்ற இந்த வகை ஃபிளாஷைக் கண்டுபிடித்ததே டோஷிபாவில் வேலை பார்த்த ஃபுஜியோ மசுவோகாதான், 1980களில். ஒரே கம்பெனியின் ஒரு பிரிவு 0.85 அங்குலத் தட்டைச் சுற்றவைக்கப் பாடுபட்டுக்கொண்டிருந்தபோது இன்னொரு பிரிவு அதற்குக் குழி வெட்டிக்கொண்டிருந்தது. இதில் பெரிய முரண் இருப்பதாகச் சிலர் எழுதுவார்கள், எனக்கு அப்படித் தெரியவில்லை. இரண்டு குதிரையிலும் பணம் கட்ட முடிந்தவன் கட்டினான், அவ்வளவுதான். குட்டி டிஸ்க்கை மட்டுமே நம்பியவர்கள்தான் பாவம். கார்னிஸ் என்று ஒரு அமெரிக்க நிறுவனம், 2003இல் 1.5 ஜிபி குட்டி டிஸ்க்கோடு வந்தது. டிஸ்க்கில் இருக்கும் மின்னணுப் பகுதிகளில் பலவற்றை எடுத்துவிட்டு, அந்த வேலையை அது பொருத்தப்படும் கருவியின் பிராசஸரிடமே தள்ளினார்கள். அடிவிலையை உடைக்க வேண்டும் என்பதை மிகச் சரியாகப் புரிந்துகொண்டவர்கள் அவர்கள்தான் என்பது என் எண்ணம். 2007இல் மூடிவிட்டார்கள். மோட்டாரையும் ஹெட்டையும் எடுத்துவிட முடியாதே.

அன்று டிஸ்க் பக்கம் பேசியவர்களிடம் கடைசியாக ஒரு வாதம் இருந்தது: வீடியோ வரட்டும், அப்போது போனில் 20 ஜிபி, 60 ஜிபி வேண்டும், அந்த அளவுக்கு ஃபிளாஷ் கட்டுப்படியாகாது. முதல் பாதி அப்படியே பலித்தது, வீடியோ வந்தது, இடம் போதவில்லை. ஆனால் அதற்குள் எல்லை எங்கேயோ போயிருந்தது. 2007இல் ஐபோன் 4 ஜிபி, 8 ஜிபி ஃபிளாஷோடு வந்தது. அதே வருடம் நோக்கியாவே என்95இன் 8 ஜிபி வடிவத்தை ஃபிளாஷில் கொடுத்தது. என்91இல் மெமரி கார்டு செருக இடமே கிடையாது, டிஸ்க் இருக்கும்போது கார்டு எதற்கு என்று நினைத்திருப்பார்கள் போல. மற்ற போன்கள் வைத்திருந்தவர்கள் வருடா வருடம் மலிவாகும் மைக்ரோஎஸ்டியை மாற்றிக்கொண்டே போனார்கள்.

இன்றைய தொழில்நுட்பத்தில் அந்த 0.85 அங்குல டிஸ்க்கை மறுபடி செய்தால் எவ்வளவு பிடிக்கும் என்று ஒரு நாள் பொழுதுபோகாமல் கணக்குப் போட்டேன். லேசரால் ஒரு புள்ளியைச் சூடாக்கி எழுதும் சீகேட் டிஸ்க்குகள் 2024 முதல் ஒரு தட்டில் 3 டெராபைட் எழுதுகின்றன, அது 3.5 அங்குல டிஸ்க்கின் தட்டு. அதில் எழுதக்கூடிய வளையம் மையத்திலிருந்து சுமார் 18 மிமீயில் தொடங்கி 46 மிமீ வரை என்று எடுத்துக்கொண்டேன். குட்டித் தட்டில் அந்த வளையம் 4 மிமீயிலிருந்து 10 மிமீ வரை. பரப்பளவைப் பார்த்தால் பெரியதில் இருபதில் ஒரு பங்குகூட வரவில்லை, 3 டெராபைட் சுருங்கி 140 ஜிபி ஆகிறது. இரண்டு பக்கமும் எழுதி, அதுவும் அந்த லேசரையும் அதற்கான மின்சாரத்தையும் போனுக்குள் அடக்க முடியும் என்று தாராளமாக வைத்துக்கொண்டு. 1 டெராபைட் மைக்ரோஎஸ்டி கார்டு 2019இலேயே வந்துவிட்டது, 15க்கு 11 மிமீ, தடிமன் 1 மிமீ. ஃபிளாஷ் செல்களை நூற்றுக்கணக்கான அடுக்காக மேலே மேலே கட்டுகிறார்கள், அப்படிக் கட்டிய சிப்புகளையும் ஒன்றன் மேல் ஒன்றாக ஒட்டுகிறார்கள். தட்டுக்கு எப்போதும் இரண்டே பக்கம்.

இதே அடிவிலைதான் பெரிய டிஸ்க்குகளை இன்னும் உயிரோடு வைத்திருக்கிறது. டேட்டா சென்டரில் ஓடும் 30 டெராபைட் டிஸ்க்குக்கும் மோட்டார் ஒன்றுதான், உறை ஒன்றுதான், கட்டுப்பாட்டுப் பலகை ஒன்றுதான். அந்தச் செலவை 30,000 ஜிபியால் வகுத்தால் ஒரு ஜிபிக்கு விழும் பங்கு மிகச் சொற்பம், அங்கே ஃபிளாஷ் இன்னும் விலையில் கிட்டே வர முடியாமல் திணறுகிறது. என்91இல் அந்தச் செலவை வகுக்கக் கிடைத்தது வெறும் 4.